இரண்டு கிராமுக்கு வளையும் கோல்

அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைகளில், உச்சியை ஒட்டி இறங்கும் ஓடைகள் பலவற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு அடிதான் அகலம். இரு கரையிலும் ரோடோடென்ட்ரான் புதர்கள் கிளை நீட்டித் தலைக்கு மேல் அடைத்துக்கொண்டிருக்கும். பாறைக்குப் பாறை தாவி விழும் நீர் இடையிடையே சிறு மடுக்களில் தேங்கும். அங்கேதான் சாண் நீளம்கூட வளராத ப்ரூக் ட்ரவுட் மீன்கள். இந்த ஓடைகளுக்கு எந்த ஃப்ளை ராடு, அதாவது பொய் ஈயை வீசி மீன் பிடிக்கும் கோல், தோது என்று கேட்டால், ஏழடி நீளத்தில், மூன்றாம் எண் லைனுக்கான ஃபைபர் கிளாஸ் கோல் என்பேன்.

அதன் அழகு முழுவதும் வளைவில் இருக்கிறது. இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய் ஈக்குக் கனமே கிடையாது. வீசப்படுவது உண்மையில் லைன்தான். அதன் எடை கோலை வளைக்கிறது, வளைந்த கோல் நிமிர்கையில் லைன் பறக்கிறது. லைனுக்கு எண் தருவது அதன் முதல் 30 அடியின் எடையைக் கொண்டு. மூன்றாம் எண்ணுக்கு 100 கிரெயின், சுமார் ஆறரை கிராம். சிற்றோடையில் 30 அடியை எங்கே விடுவது? கோல் நுனியைத் தாண்டிப் பத்தடி போனாலே பெரிது. அதன் எடை இரண்டு கிராம் அளவுதான். விறைத்த கிராஃபைட் கோலுக்கு அது உறைக்கவே உறைக்காது. கை வேகத்தைக் கூட்ட வேண்டிவரும், லைன் தொப்பென்று விழும், மீன் பாறைக்கடியில் மறைந்துவிடும்.

கிளாஸ் கோலோ அந்த இரண்டு கிராமுக்கே தலை தாழ்த்தும். நுனியில் தொடங்கும் வளைவு நடுத்தண்டு வழியாக மெல்ல இறங்கி, கார்க் பிடியின் மேல் படிந்த கட்டைவிரல் வரை வரும். பின்னால் லைன் நீண்டுவிட்டதா என்று திரும்பிப் பார்க்கவே வேண்டாம், விரலுக்குத் தெரிந்துவிடும்.

பின்னால் வீச இடமே இல்லாத புதர்ச்சந்தில் இந்தக் குணம் இன்னும் துலங்கும். முள்முனை குத்தாதபடி ஈயை இரு விரலால் பிடித்துப் பின்னுக்கு இழுத்தால் கோல் வில்லாகும். விரலை விட்டதும் கிளைகளுக்கு அடியில் தாழப் பறந்து, நுரையோரத்தில் ஈ இறங்கும். நெட்டைக் கோலை விரும்புகிறவர்களும் உண்டு, லைனை நீரோட்டத்தில் படாமல் தூக்கிப் பிடிக்கலாம் என்று. மரமில்லாத மேட்டு ஓடையில் அது சரி. இங்கே கிளையில்தான் சிக்கும்.

மூங்கில் கோலின் வளைவு கிளாஸ் கோலையும் மிஞ்சும். சீனாவின் குவாங்டாங் பகுதியில் விளையும் டோங்கின் மூங்கிலைப் பிளந்து, ஆறு பட்டைகளை முக்கோணமாக இழைத்து, அறுகோணத் தண்டாக ஒட்டுவார்கள். வலுவான நார் வெளித்தோலை ஒட்டியே இருப்பதால் இழைப்புளி அந்தப் பக்கம் போகாது. பட்டை எங்கே எவ்வளவு மெலிய வேண்டும் என்பதை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளந்து இழைப்பார்கள். கோல் எந்த இடத்தில் வளையும் என்பது அங்கே முடிவாகிறது. விலைதான் எட்டாது.

கடையில் கோலை வெறுமனே ஆட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ரீலையும் லைனையும் மாட்டச் சொல்லுங்கள். பத்தடி மட்டும் வெளியே விட்டு, மணிக்கட்டை மெதுவாக அசைத்து வீசுங்கள். கட்டைவிரலுக்கு அந்தப் பாரம் வந்து சேர்ந்தால், அந்தக் கோலையே வாங்குங்கள்.