கள ஆய்வுத் தரவும் வெளியீட்டு அறமும்: அந்தமான் மொழி ஆய்வுகளை முன்வைத்து

1. முன்னுரை

பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டில் கருத்துத் திருட்டைத் தடுப்பதற்கான ஒழுங்குவிதிகளை வெளியிட்டது. 2019ஆம் ஆண்டில் ‘ஆய்வு மற்றும் வெளியீட்டு அறம்’ என்னும் இரண்டு மதிப்பலகுப் பாடத்தை முனைவர் பட்ட மாணவர்க்குக் கட்டாயமாக்கியது. சமூக அறிவியல் மாணவர்க்கு ஆய்வு அறம் என்பது பெரும்பாலும் இவ்விரண்டின் வழியாகவே அறிமுகமாகிறது. இவ்விதிகள் எதை அளக்கின்றன, எதை அளக்காமல் விடுகின்றன என்பதை அந்தமான் மொழிகள் குறித்த ஆய்வுகளின் துணைகொண்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

2. அளவுகோலின் எல்லை

2018ஆம் ஆண்டு விதிகள் ஒப்புமை விழுக்காட்டை நான்கு நிலைகளாகப் பகுக்கின்றன. 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை இருப்பின் ஆய்வேட்டைத் திருத்தி அளிக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை இருப்பின் ஓராண்டு வரை திருத்திய ஏட்டை அளிக்கத் தடை உண்டு. 60ஐக் கடப்பின் பதிவே நீக்கப்படும். தொடர்ச்சியாகப் பதினான்கு சொற்கள் வரை தற்செயலாக ஒத்துவரும் தொடர்கள் கணக்கில் கொள்ளப்படுவதில்லை.

அச்சேறிய பனுவலிலிருந்து பெயர் சுட்டாமல் எடுப்பதைக் கண்டறிய இவ்வளவுகோல் பயன்படும் என்பதில் ஐயமில்லை. ஆனால் எழுத்து வடிவம் பெறாத ஒரு மொழியின் சொற்பட்டியலுக்கு இதனைப் பொருத்திப் பார்த்தால் நிலைமை வேறாகிறது. அப்பட்டியலில் ஒவ்வொரு பதிவும் ஒரு சொல்லே. ஒப்பிடுவதற்கு மூலப் பனுவலும் இல்லை. பேசியவர் பெயர், பேசிய சூழல், இடைநின்ற மொழி ஆகிய மூன்றையும் மறைத்து எழுதப்பட்ட ஆய்வேடு பூச்சிய விழுக்காட்டோடு தேர்ச்சி பெற்றுவிடும். ஏட்டிலிருந்து எடுப்பது குற்றம், வாயிலிருந்து எடுப்பது தரவு என்னும் வேறுபாட்டை விதிகள் அறியாமலேயே நிலைநாட்டுகின்றன.

3. முன்னோர் நூல்கள்

இக்குறை புதியதன்று. எட்வர்ட் ஹொரேஸ் மேன் 1870களில் அந்தமானியரின் பொறுப்பதிகாரியாக இருந்தவர். அவரும் ரிச்சர்ட் டெம்பிளும் 1877ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் தென் அந்தமான் மொழியில் பெயர்க்கப்பட்ட ஒரு கிறித்தவ வழிபாட்டுரையாகும். ஒரு மொழியின் தொடரமைப்பைக் காட்ட அம்மொழியார் இயல்பாகக் கூறியவற்றைத் தராமல், வேற்றுச் சமயப் பனுவலின் மொழிபெயர்ப்பைத் தந்தனர் என்பது மொழிபெயர்ப்பாளர் கவனத்திற்குரியது. இவர்கள் திரட்டிய குறிப்புகளைக் கொண்டே அலெக்சாண்டர் எல்லிஸ் 1882ஆம் ஆண்டில் இலண்டன் மொழிநூற் கழகத்தில் அம்மொழியை விளக்கினார். மேனின் அக்கா-பியா அகராதி 1923ஆம் ஆண்டில் நூலாக வந்தது. அம்மொழி பேசுவோர் இன்று எவரும் இல்லை. எனவே அகராதியிலுள்ள எப்பதிவையும் பேசுவோரிடம் கேட்டுச் சரிபார்க்க இயலாது. தரவு கிடைத்த முறை குறித்த செய்தி இங்கு மரியாதைக் குறிப்பு மட்டுமன்று. தரவின் நம்பகத்தை அளக்க எஞ்சியுள்ள ஒரே கருவியுமாகும்.

ராட்கிளிஃப்-பிரௌன் 1906 முதல் 1908 வரை நிகழ்த்திய கள ஆய்வின் பயன் 1922ஆம் ஆண்டில் வெளிவந்த ‘அந்தமான் தீவினர்’ என்னும் நூல். தாம் முதலில் இந்துஸ்தானி வழியே பேசியதையும், இறுதியில் ஆங்கிலம் அறிந்த அக்கர்-பாலே இனத்தவர் ஒருவரின் துணையைப் பெற்றதையும் அவர் முன்னுரையில் ஒளிக்காமல் கூறுகிறார். இது பாராட்டத்தக்கது. ஆயினும் நூலினுள் தொன்மங்களைப் படிப்பவர் எது இந்துஸ்தானி வழி வந்தது, எது ஆங்கில வழி வந்தது எனப் பிரித்தறிதல் எளிதன்று. முன்னுரையில் ஒருமுறை கூறிய உண்மை ஒவ்வொரு தரவுக்கும் உரிய குறிப்பாக மாறவில்லை.

இதற்கு மாறான நெறியை அன்விதா அப்பியின் பணியில் காணலாம். அவருடைய பெரிய அந்தமானிய அகராதி 2012ஆம் ஆண்டிலும் இலக்கணம் 2013ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. தகவலாளர் இவற்றில் பெயருடைய மனிதராகவே நிற்கின்றனர். அவர்களுள் ஒருவரான போவா சீனியர் 2010ஆம் ஆண்டு சனவரியில் மறைந்தபோது ‘போ’ மொழியின் இறுதிப் பேச்சாளர் என உலகம் அவரை அறிந்திருந்தது. குரற்பதிவுகள் ஆவணக் காப்பகத்தில் வைக்கப்பட்டுள்ளமையால் பிறர் கேட்டு மறுக்கவும் வழியுண்டு.

4. பத்துபஸ்தியில் ஒரு மாணவர்

பழங்குடியினர் காப்புப் பகுதிகளுக்குள் செல்ல 1956ஆம் ஆண்டு ஒழுங்குவிதியின்படி அரசின் இசைவு வேண்டும். ஆகவே பட்ட மாணவர்க்கு எளிதில் எட்டும் களம், 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறியுள்ள போர்ட் பிளேரைச் சார்ந்த பத்துபஸ்தி போன்ற குடியிருப்புகளே. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இத்தீவுகளில் வங்காளத்தைத் தாய்மொழியாகக் கூறியோர் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர். இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13 விழுக்காடு. பல மொழியார்க்கும் பொது வழக்காக இந்தி நிற்கிறது.

இங்குத் தமிழ்ப் பேணல் குறித்து வினாநிரலோடு செல்லும் மாணவர் எந்த மொழியில் வினவினார் என்பது விடையை மாற்றவல்லது. தாய்மொழி என்பது குழந்தைப் பருவத்தில் தாய் பேசிய மொழி எனக் குடிக்கணக்கு வரையறுக்கிறது. விடையளிப்பவரோ அதனைத் தம் ஊரின் மொழி, சாதியின் மொழி, அல்லது தாம் இன்று வீட்டில் பேசும் மொழி எனக் கொள்ளலாம். தமிழில் வினவும் தமிழருக்குத் தமிழ் என்றே விடை கூறுவது விருந்தோம்பலாகவும் இருக்கலாம். ‘தமிழ் பேணப்படுகிறது’ என்னும் முடிவை அட்டவணையோடு தந்து, வினவிய மொழியைத் தராத ஆய்வேடு ஒரு சொல்லையும் திருடவில்லை. எனினும் அதனை நேர்மையான ஆய்வு எனல் இயலாது.

இசைவுப் படிவமும் இத்தகையதே. ஆங்கிலப் படிவத்தைத் தமிழாக்கிக் கையெழுத்து வாங்கிவிட்டால் கடமை முடிந்தது எனக் கருதுதல் கூடாது. ‘ஒப்புதல்’ என்னும் சொல் அலுவலகத் தாளை நினைவூட்டும். எதற்கு ஒப்புகிறோம், பின்னர் மறுக்கலாமா, பதிவு யாரிடம் இருக்கும் என்பவற்றை வாய்மொழியாக விளக்குதலே உண்மையான மொழிபெயர்ப்பு.

5. பெயரிடலும் பெயர் மறைத்தலும்

அருகிவரும் மொழியின் பேச்சாளரைப் பெயரிடாமை அவருடைய உழைப்பை மறுப்பதாகும். பத்துபஸ்திக் குடும்பம் ஒன்றின் மொழித் தெரிவைப் பெயரோடு வெளியிடுதலோ அவர்களை அயலார் பேச்சுக்கு உள்ளாக்கலாம். சிறு குடியிருப்பில் அகவையும் தொழிலும் தெருவும் சேர்ந்தாலே ஆள் தெரிந்துவிடும். பெயரை நீக்குவது மட்டும் போதாது. ஆகவே ஒரே விதி இரு களங்களுக்கும் பொருந்தாது. தெரிவு பேசியவருடையது, அத்தெரிவைக் கேட்டறிந்து பதிவு செய்வதே ஆய்வாளர் கடன்.

6. முடிவுரை

ஒப்புமை விழுக்காடு வேண்டாம் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. அதனோடு ஒரு பக்கமேனும் தரவுக் குறிப்பும் ஒவ்வோர் ஆய்வேட்டிலும் கட்டாயமாதல் வேண்டும். யார் பேசினர், எம்மொழி வழியாகப் பெறப்பட்டது, யார் பெயர்த்தனர், எவ்வகை இசைவு பெறப்பட்டது, பதிவு எங்குள்ளது என்னும் ஐந்து செய்திகள் அதில் அமையலாம். மேற்பார்வையாளர் முதலில் படிக்க வேண்டிய பக்கமும் அதுவே. அக்கா-பியா அகராதியைத் திறக்கும் இன்றைய மொழியியலாளர் தேடிக் காணாத பக்கம் அது. இன்றைய மாணவர் தம் ஏட்டில் எழுதி வைக்கக்கூடிய பக்கமும் அதுவே.