கரையைப் பார்க்கும் கண்

பாய்மரப் படகுப் பந்தயத்தை முழுதாகப் பார்க்கப் பொறுமை இல்லாதவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: பந்தயம் தொடங்குவதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தைப் பாருங்கள், மீதியை விட்டுவிடுங்கள். தொடங்கிய பிறகு படகுகள் ஆளுக்கொரு பக்கம் போய்விடும். காற்றுக்கு எதிரே நேராகப் போக முடியாது என்பதால் ஒன்று வலமாகவும் ஒன்று இடமாகவும் வெட்டி வெட்டி ஏறும். முன்னால் இருப்பது யார் என்று வர்ணனையாளரே சற்றுத் தயங்கித்தான் சொல்வார். அந்த ஐந்து நிமிடம் அப்படியில்லை. அத்தனை படகும் ஒரே இடத்தில், கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்.

2024 ஆகஸ்ட் 1 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கின் ஒற்றையாள் படகுப் பந்தயங்கள் பிரான்சின் தென்கரையில் மார்செய் நகரத்துக் கடலில் தொடங்கின. பெண்கள் பிரிவில் 43 படகு. அதில் ஒன்று சென்னையின் நேத்ரா குமணனுடையது. முதல் பந்தயத்தில் அவர் ஆறாவதாக வந்தார். ஆண்கள் பிரிவில் வேலூரில் பிறந்த ராணுவ வீரர் விஷ்ணு சரவணன் முதல் பந்தயத்தில் பத்தாவது. (வேலூரில் ஏது கடல் என்று கேட்காதீர்கள். பாலாற்றிலேயே தண்ணீரைத் தேட வேண்டிய ஊர் அது.) ஒரு வாரம் கழித்து நேத்ரா 21ஆம் இடம், விஷ்ணு 18ஆம் இடம் என்று கணக்கு முடிந்தது. பதக்கம் இல்லாவிட்டால் நம் ஊரில் பேச்சும் இல்லை. அந்த ஆறாம் இடத்தை மட்டுமாவது கொஞ்சம் நிறுத்திப் பார்த்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

நேத்ரா ஓட்டிய படகின் பெயர் ஐ.எல்.சி.ஏ. 6. லேசர் ரேடியல் என்ற பழைய பெயரில் பலருக்குத் தெரியும். நீளம் 4.23 மீட்டர். ஒரே பாய், அது 5.76 சதுர மீட்டர். ஒலிம்பிக்கில் இந்தப் படகைப் போட்டி நடத்துபவர்களே எல்லோருக்கும் தருகிறார்கள், ஒரே அச்சில் வார்த்ததுபோல. உன் படகு உசத்தி, என் படகு மட்டம் என்று சொல்ல வழியில்லை. கையில் கடிகாரம், படகில் திசைகாட்டி. இருக்கும் இடத்தைத் துல்லியமாகச் சொல்லும் ஜிபிஎஸ்ஸுக்கு இடமில்லை.

இனி அந்த ஐந்து நிமிடம். நடுவர் படகில் ஒரு கொடி ஏறும்: ஐந்து நிமிடம் இருக்கிறது. அடுத்த கொடி ஏறினால் நான்கு. அது இறங்கினால் ஒரே நிமிடம். வலக்கோடியில் நடுவர் படகு, இடக்கோடியில் ஒரு மிதவை. இரண்டுக்கும் நடுவே தொடக்கக் கோடு. ஆனால் தண்ணீரில் கோடு ஏது? எல்லோரும் மனதுக்குள் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். கடைசி நிமிடத்தில் 43 படகும் அந்த இல்லாத கோட்டுக்குப் பின்னால் வந்து நெருக்கிக்கொண்டு நிற்கும். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை சிக்னலில் பச்சை விழுமுன் ஆட்டோக்கள் அங்குலம் அங்குலமாக நகருமே, அதே பரபரப்பு. ஒரே வித்தியாசம், படகுக்கு பிரேக் கிடையாது. பாயைத் தளர்த்திவிட்டால் அது காற்றில் படபடத்துக்கொண்டு சும்மா கிடக்கும், படகும் கிட்டத்தட்ட நிற்கும். இன்னும் நிறுத்த வேண்டுமென்றால் பாயின் அடிக்கழியைக் கையால் வெளியே தள்ளிப் பிடித்துக் காற்றை எதிர்ப்பக்கம் வாங்க வேண்டும். தனக்குக் கீழ்க்காற்றுப் பக்கம் கொஞ்சம் காலி இடம் வைத்துக்கொள்ளவும் வேண்டும். கடைசிப் பத்து நொடியில் படகின் மூக்கை அந்தப் பக்கம் சற்றுத் திருப்பி வேகம் எடுப்பதற்கு அந்த இடம்தான் முதலீடு. அதைப் பார்த்துவிட்டால் பக்கத்துப் படகு நுழைந்துவிடும்.

முந்திக்கொண்டால் தண்டனை உண்டு. திரும்பி வந்து மறுபடி கோட்டைக் கடக்க வேண்டும். சில கொடிகள் பறக்கும்போது அந்தச் சலுகையும் கிடையாது, பந்தயமே போய்விடும். 43 படகு ஓடும் இடத்தில் அதற்கு 44 புள்ளி. இந்த விளையாட்டில் புள்ளி குறைவாக இருப்பவருக்குத்தான் வெற்றி என்பதால் 44 பெரும் நஷ்டம்.

பயம் அப்படி என்பதால் எல்லோரும் ஒரு காரியம் செய்கிறார்கள். கோடிகளில் இருப்பவர்களுக்கு நடுவர் படகோ மிதவையோ பக்கத்திலேயே தெரியும், துணிந்து முன்னே நிற்பார்கள். நடுவில் இருப்பவர்களுக்கு இரண்டு பக்கமும் தூரம். கோட்டில் நிற்பதாக நினைத்துக்கொண்டு, உண்மையில் ஒரு படகு நீளம், சில நேரம் அதற்கும் மேல், பின்னால் நிற்பார்கள். மேலிருந்து படம் எடுத்தால் படகுகளின் வரிசை நடுவில் தொய்ந்து வில்லாக வளைந்திருக்கும். அந்தத் தொய்வில் ஒரே ஒருவர் மட்டும் உண்மையான கோட்டில் நின்றால், மற்றவர்கள் கிளப்பும் கெட்ட காற்று அவர்மேல் படாது. ஒரு படகு நீளம் என்பது நாலு மீட்டர்தான், ஆனால் அதில் கிடைக்கும் சுத்தமான காற்று பந்தயம் முழுக்கக் கூட வரும்.

அந்த ஒருவருக்கு மட்டும் கோடு எப்படித் தெரிகிறது? அவர் கரையைப் பார்க்கிறார்.

இதுதான் என்னைச் சொக்கவைக்கும் இடம். கொடி ஏறுவதற்கு வெகு முன்பே அவர் நடுவர் படகுக்கு அப்பால் போய் நிற்பார். அங்கிருந்து நடுவர் படகின் கொடிமரத்தையும் மறுகோடி மிதவையையும் ஒரே நேர்க்கோட்டில் வைத்து, அந்தக் கோட்டை அப்படியே கரைவரை கண்ணால் நீட்டுவார். கரையில் அது எதன்மேல் போய் இடிக்கிறது? ஒரு வெள்ளைக் கட்டடத்தின் மூலை என்று வைத்துக்கொள்வோம். அதுதான் குறி. பிறகு கூட்டத்தின் நடுவே வந்து நிற்கும்போது இடக்கோடி மிதவையை ஒருமுறை பார்ப்பார். அந்தக் கட்டடம் மிதவைக்கு இடப்புறம் தனியாகத் தெரிந்தால் இன்னும் பின்னால் இருக்கிறார் என்று பொருள். படகு முன்னேற முன்னேறக் கட்டடம் நகர்ந்து வந்து மிதவைக்குப் பின்னால் ஒளியும். ஒளிந்த நொடியில் அவர் கோட்டின்மேல். விவரமானவர்கள் ஒரு படகு நீளம் பின்னால் நிற்பதற்கும் தனியாக ஒரு குறி எடுத்து வைத்துக்கொள்வார்கள். முதல் குறி வந்ததும் பாயை இழு, இரண்டாவது வந்தால் நீ கோட்டில்.

மார்செயில் குறிக்குப் பஞ்சமில்லை. ஊர் நடுவே 149 மீட்டர்க் குன்றின்மேல் நோத்ர் தாம் த லா கார்த் மாதா கோயில் நிற்கிறது. கடலுக்குள் பிரியூல் தீவுகளும் ஈஃப் கோட்டையும் இருக்கின்றன. அந்த ஊர்க் கடலோடிகள் தலைமுறை தலைமுறையாக நிமிர்ந்து பார்த்த மாதா கோயில் அது.

மாதா கோயிலைக் கடலிலிருந்து பார்த்து வழி தேடுவது திருவனந்தபுரம் கரைக்குச் சொல்லித்தர வேண்டிய வித்தை இல்லை. விழிஞ்ஞம், பூந்துறை, வலியதுறை பக்கத்தில் இதற்குக் கணிச்சம் என்று பெயர். தெற்கே குமரிக் கரைக்குப் போனால் கணியம். கடலுக்கு அடியில் பாறைத் திட்டு இருக்கும், அதைப் பாரு என்பார்கள். கலவாவும் மற்ற பாறை மீன்களும் அங்கேதான் அடையும். மேலே பார்த்தால் எல்லா இடமும் ஒரே தண்ணீர். பாரைக் கண்டுபிடிக்கக் கட்டுமரத்தில் போனவர் கரையைத் திரும்பிப் பார்த்தார். கரையோரக் கோயில் கோபுரம் ஒன்று, அதற்குப் பின்னால் வெகு தூரத்தில் ஒரு குன்று. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால் ஒரு கோடு கிடைத்தது. அது போதாது. வேறொரு திசையில் இன்னொரு ஜோடி வேண்டும், ஒரு தென்னந்தோப்பின் விளிம்பும் ஒரு மலை இடுக்கும் போல. இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் புள்ளியில் கல்லை இறக்கினால் அடியில் பாரு.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்குக் கணிச்சம் கூர்மை. கட்டுமரம் வடக்கே சற்றே நகர்ந்தாலும் பின்னால் இருக்கும் குன்று கோபுரத்தைவிட்டு வடக்குப் பக்கம் எட்டிப் பார்க்கும். அருகருகே இருக்கும் இரண்டு கட்டடத்தை நம்பினால் இந்த நகர்வு தெரியாது. கிழக்கே மேற்குத்தொடர்ச்சி மலை வரிசையாக நிற்கும் கரை இது, பின்குறிக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்காது. நல்ல பாரின் குறிகளை யாரும் லேசில் சொல்லிவிட மாட்டார்கள், அது குடும்பச் சொத்து. கடலடிப் பாறைகளையும் மீனவர்களின் இந்த அறிவையும் பதிவு செய்துவருபவர்களில் திருவனந்தபுரத்தின் ராபர்ட் பனிப்பிள்ளை முக்கியமானவர்.

மீன்பிடிப்பவருக்கு இரண்டு கோடு வேண்டும், பந்தயக்காரருக்கு ஒன்றே போதும். ஆனால் மீன்பிடிப்பவருக்கு அவகாசம் உண்டு. தவறினால் இன்னும் நாலு துடுப்பு போட்டுச் சரி செய்துகொள்ளலாம். நேத்ராவுக்கோ கடைசி நிமிடத்தில் இரண்டு மூன்று பார்வைதான் கிடைக்கும். அதிலும் இடப்பக்கம் இருபது பாய்கள் படபடத்துக்கொண்டிருக்கும், கட்டடமும் தெரியாது மிதவையும் தெரியாது. இரண்டு பாய்களுக்கு நடுவே ஒரு கணம் விலகும் இடைவெளியில் பார்த்துவிட வேண்டும். பார்த்துக்கொண்டே ஒரு கையில் சுக்கான், ஒரு கையில் பாய்க்கயிறு. காலத்தையும் மனதுக்குள் எண்ண வேண்டும். நீரோட்டம், திருவனந்தபுரம் கரையில் நீவாடு என்பார்கள், படகைக் கோட்டுக்கு மேலே தள்ளினால் அதையும் கழித்துக்கொள்ள வேண்டும். இத்தனையும் தொலைக்காட்சியில் ஒரு தலைத் திருப்பலாகத்தான் தெரியும். ஹெலிகாப்டரிலிருந்து படம் பிடித்து அதன்மேல் மஞ்சள் கோடு ஒன்றை வரைந்து காட்டிவிடுகிறார்கள். நமக்குக் கோடு தெரிந்துவிடுவதால், தெரியாத ஒன்றைத் தேடும் அந்தக் கண்ணின் வேலை நமக்குப் புரியாமல் போகிறது. ஒரு கேமராவைத் தண்ணீர் மட்டத்தில் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

கரையின் குறிகளும் மாறுகின்றன. விழிஞ்ஞத்தின் புதிய துறைமுகத்தில் 2024 ஜூலையில் முதல் சரக்குப்பெட்டிக் கப்பல் சான் பெர்னாண்டோ வந்து நின்றது. 2025 மே மாதம் துறைமுகம் முறைப்படி திறக்கப்பட்டது. கடலிலிருந்து பார்த்தால் இப்போது முதலில் கண்ணில் விழுவது அந்தத் துறைமுகத்தின் கிரேன்கள்தான். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இந்தச் சிறு படகுகளின் பந்தயம் சான் பெட்ரோவில், அதுவும் ஒரு பெரிய சரக்குத் துறைமுகத்துக் கரையில். அங்கும் கிரேன்கள் அணிவகுத்து நிற்கும். உயரமாக இருக்கிறதே, குறிக்கு வசதி என்று தோன்றும். ஆனால் ஒரே அச்சில் பத்துக் கிரேன் வரிசையாக நின்றால், கொடி இறங்க இருபது நொடி இருக்கையில், நாம் குறித்து வைத்தது இடமிருந்து நாலாவதா ஐந்தாவதா?