காடு என்னும் சொல்: தோட்ட இலக்கியத் திறனாய்வும் சூழலியல் ஆய்வும்

மலேசியத் தமிழ் நாவல்கள் குறித்து எழுதப்படும் ஆய்வேடுகளுள் பல ஒரே வாக்கியத்தில் தொடங்குகின்றன. சொற்கள் சற்றே மாறினும் பொருள் மாறுவதில்லை: நம் முன்னோர் காடழித்துத் தோட்டம் கண்டனர், அத்தோட்டங்களே இந்நாட்டின் பொருளாதாரத்திற்கு அடித்தளமிட்டன. அதன்பின் ஆய்வாளர் பாத்திரப்படைப்பு, சமுதாயச் சிக்கல், பெண்ணின் நிலை எனத் தம் இயல்களுக்குச் சென்றுவிடுவார். முதல் வாக்கியம் ஆராயப்படாமலேயே நின்றுவிடும். பிறரைக் குறைகூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. என் முனைவர் பட்ட ஆய்வேடும் அவ்வாறுதான் தொடங்குகிறது. அதில் 'இயற்கைப் பின்னணி' என்று ஓர் இயல் உண்டு. நாவல்களில் வரும் ஆறுகளையெல்லாம் அங்கே உவமைகளின் பட்டியலில் சேர்த்து முடித்திருக்கிறேன்.

அவ்வாக்கியத்தை ஆராய ஓர் இடம் வேண்டும். நான் பிறந்து வளர்ந்த பெடாஸ் வட்டாரத்தையே எடுத்துக்கொள்கிறேன். நெகிரி செம்பிலானின் ரெம்பாவ் மாவட்டத்தில், சிரம்பானுக்குத் தெற்கே அமைந்த சிற்றூர் அது. வெளியூரார் அதனை வெந்நீர் ஊற்றால் அறிவர். அவ்வழியே செல்வோர் பெடாஸ்-லிங்கி என்னும் நெடுஞ்சாலைப் பலகையால் அறிவர். அவ்வட்டாரத்து நீரோடைகள் லிங்கி ஆற்றுப்படுகையைச் சேர்ந்தவை. லிங்கி மலாக்கா நீரிணையில் கலக்கிறது. கடலோரச் சமவெளியைப் போலன்றிக் குன்றும் பள்ளமுமான நிலம். இந்த மேடுபள்ளம் ஒரு சிறு செய்தி போலத் தோன்றலாம். ஆனால் நம் முன்னோருள் எத்தனை பேர் உயிரோடிருந்தனர் என்பதை அதுவே பெரிதும் முடிவு செய்தது.

சொல்வழக்கு

தோட்டத்தில் ரப்பர் மரங்கள் நின்ற இடத்திற்குக் காடு என்றே பெயர். வேலைக்குச் செல்வது வேலைக்காட்டிற்குச் செல்வது; பால்வெட்டு அல்லாத களையெடுப்பு முதலியவை வெளிக்காட்டு வேலை. 1970களில் மலேசியாவுக்கு வந்துசென்ற அகிலன் தம் நாவலுக்குப் 'பால்மரக்காட்டினிலே' என்று பெயரிட்டபோது இவ்வழக்கையே எடுத்தாண்டார். சென்னையில் ஆய்வு மேற்கொண்டிருந்த காலத்தில், வெளிக்காடு என்பது காட்டின் வெளிப்புறமா என்று ஒரு பேராசிரியர் என்னைக் கேட்டார். இல்லை என்று விளக்கியபோதுதான், எது காடு என்பதை நானே அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை என உணர்ந்தேன்.

தமிழில் காடு என்பது பெருமரக் கூட்டத்தை மட்டும் குறிப்பதன்று. கொங்குப் பகுதியில் புன்செய் நிலமும் காடுதான். ஆகவே இடம்பெயர்ந்தோர் சொல்லைத் தவறாக ஆளவில்லை. எனினும் அதன் விளைவு நோக்கத்தக்கது. நூற்றுக்கணக்கான மரவகைகள் நின்ற நிலத்தில் பிரேசிலிலிருந்து வந்த ஒரே மரம் நிரை நிரையாக நடப்பட்டது. அதற்கும் காடு என்றே பெயர் தொடர்ந்தது. நிலம் மாறியது, சொல் மாறவில்லை. இழப்பு நேர்ந்ததை மொழி பதிவு செய்யாததால், இலக்கியத்திலும் அது நிகழாததாகிவிட்டது.

காடழித்தோர் யாவர் என்பதும் நாம் எண்ணுமளவு தெளிவானதன்று. பல தோட்டங்களில் பெருமரங்களை வீழ்த்தும் வேலை மலாய்க்காரர், ஜாவானியர், சீனர் ஆகியோரிடம் குத்தகைக்கு விடப்பட்டது. எரித்த நிலத்தைத் திருத்துதல், வடிகால் வெட்டுதல், நடுதல், களையெடுத்தல், பால்வெட்டுதல் ஆகியவற்றில்தான் தமிழரின் பங்கு மிகப் பெரிது. காடு வீழுமுன் அங்கு வாழ்ந்தோரும் இருந்தனர். நெகிரி செம்பிலானைப் பொறுத்தவரை அவர்கள் தெமுவான் எனும் பூர்வகுடியினர். நம் நாவல்களில் அவர்களைத் தேடிக் காண்பது அரிது.

காடழித்தலைப் புகழாகக் கொள்வது நமக்குப் புதிதன்று. கரிகாலன் காட்டை நாடாக்கிக் குளம் தோண்டியதைப் பட்டினப்பாலை போற்றுகிறது. எனினும் காடு வீழ்ந்ததைச் சொல்ல உருத்திரங்கண்ணனார் தேர்ந்த வினை 'கொல்' என்பதாகும். புகழும் இடத்திலும் செயலின் தன்மையை அவர் மறைக்கவில்லை. நம் ஆய்வேடுகளின் முதல் வாக்கியத்தில் இந்த நேர்மை இல்லை.

காய்ச்சல்

தோட்டப்புறப் பாடல்களிலும் முன்னோடித் தலைமுறையைப் பற்றிய கதைகளிலும் காய்ச்சல் மீண்டும் மீண்டும் வருகிறது. புலி, பாம்பு, அட்டை ஆகியவற்றுடன் அதுவும் 'காட்டின் கொடுமை' என்னும் வரிசையில் வைக்கப்படுகிறது. திறனாய்வாளரும் அவ்வரிசையை அப்படியே ஏற்றுக்கொண்டுள்ளனர். இங்குதான் இலக்கிய மாணவர் ஒரு மருத்துவ நூலைப் படிக்க வேண்டியவராகிறார்.

1901ஆம் ஆண்டில் கிள்ளானில் அரசு மருத்துவராகப் பணியேற்ற மால்கம் வாட்சன், மலாய் ஐக்கிய மாநிலங்களில் மலேரியாவைத் தடுக்கும் முறை குறித்து 1911இல் ஒரு நூல் வெளியிட்டார். 1921இல் அது விரிவாக்கப்பட்டது. அவர் கண்டறிந்ததன் சாரம் இது. கடலோரத் தாழ்நிலத்தில் காட்டை வெட்டி நீரை வடித்தால் மலேரியா குறைந்தது. அங்கு நோய் பரப்பிய அனோஃபிலிஸ் அம்ப்ரோசஸ் என்னும் கொசு நிழலில் தேங்கிய நீரை நாடுவது. நிழல் போனதும் அதுவும் போயிற்று. இதே முறையைக் குன்றுப் பகுதியில் கையாண்டபோது காய்ச்சல் பெருகியது. பள்ளத்தாக்கில் காட்டு நிழலில் ஓடிய தெளிந்த ஊற்றுநீர் வெயிலுக்குத் திறந்துவிடப்பட்டதே காரணம். வெயில் படும் தெளிந்த ஓடையே அனோஃபிலிஸ் மாக்குலாட்டஸ் என்னும் வேறொரு கொசு முட்டையிடும் இடம். தேங்கிய சாக்கடையில் கொசுவைத் தேடிப் பழகியவர்களுக்கு, பளிங்கு போன்ற நீரே நோயின் பிறப்பிடம் என்பது நம்ப முடியாததாக இருந்தது. பின்னர் அவ்வோடைகளை நிலத்தடிக் குழாய்களில் செலுத்தியும், எண்ணெய் தெளித்தும் நோயை அடக்கினர்.

பெடாஸ் போன்ற உள்நாட்டுக் குன்றுநிலத் தோட்டங்களுக்கு இதன் பொருள் யாது? காட்டில் மலேரியா இல்லை என்று நான் வாதிடவில்லை. ஆனால் நம் கதைகள் காட்டின்மீது சுமத்திய காய்ச்சலில் பெரும்பங்கு காட்டை அழித்ததால் வந்தது. ரப்பர் மரம் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு தமிழன் புதைந்திருக்கிறான் என்று மேடைகளில் கேட்கிறோம். அப்பேச்சில் கொலையாளியாகக் காட்டப்படுவது காடு. வாட்சனின் நூல் குற்றத்தை வேறோரிடத்தில் வைக்கிறது: பள்ளத்தாக்கின் அடிவரை மரங்களை வெட்டி, அதன் ஓரத்திலேயே லயங்களைக் கட்டிய நிருவாகத்திடம். அந்நூலில் இறந்தோருக்குப் பெயரில்லை, ஆயிரத்துக்கு இத்தனை என்னும் விகிதமே உண்டு. நம் இலக்கியத்தில் பெயர் உண்டு, காரணம் இல்லை.

எதிரெதிர்க் கணக்குகள்

தோட்ட நிலத்தின் இரண்டாம் மாற்றம் ரப்பரிலிருந்து செம்பனைக்குச் சென்றது. இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் சிலாங்கூரில் தொடங்கப்பட்டது. அதன் பெயர் தென்னமரம் என்பது நம்மவர் அறிய வேண்டிய வேடிக்கை. 1960இல் சுமார் 55,000 ஹெக்டராக இருந்த செம்பனைப் பரப்பு 2016இல் 57 இலட்சம் ஹெக்டரைத் தாண்டியது. பெடாஸ் வட்டாரத்திலும் நான் சிறுவனாக ஓடித்திரிந்த நிரைகள் இன்று செம்பனை.

சூழலியலாளர் இம்மாற்றங்களை அளந்துள்ளனர். காட்டில் வாழும் உயிரினங்களுள் சராசரியாக 15 விழுக்காடே செம்பனைத் தோட்டத்திலும் காணப்படுவதாக எமிலி ஃபிட்ஸ்ஹெர்பர்ட்டும் அவர்தம் குழுவினரும் 2008இல் தொகுத்துரைத்தனர். அதே ஆண்டில் லியான் பின் கோ, டேவிட் வில்கோவ் ஆகிய இருவரும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். 1990 முதல் 2005 வரை மலேசியாவில் விரிந்த செம்பனைப் பரப்பில் 55 முதல் 59 விழுக்காடு காட்டை அழித்து வந்தது என்பது அவர்களது மதிப்பீடு. பறவைகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் கொண்டு அவர்கள் கண்ட முடிவு மேலும் கருதத்தக்கது: காட்டைச் செம்பனையாக்கினால் இழப்பு பெரிது, ஏற்கெனவே ரப்பராக இருந்த நிலத்தைச் செம்பனையாக்கினால் இழப்பு குறைவு.

இழப்பு குறைவு என்னும் அவ்வரியைப் படித்தபோது எனக்குச் சினம் வந்ததை மறைக்க விரும்பவில்லை. பால்மரத்திற்கு ஒருநாள் விட்டு ஒருநாளேனும் கத்தி வைக்க வேண்டும். அதற்குக் குடும்பம் குடும்பமாக ஆள் வேண்டும். செம்பனையில் குலைவெட்டு பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு சுற்று. ஆள்தேவை குறைந்தது, லயங்கள் காலியாயின, கோயிலும் பள்ளியும் கேட்பாரற்றுப் போயின. எஞ்சிய வேலைக்கு இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் வந்தனர். தோட்டத் தமிழருக்குச் செம்பனைதான் பேரிழப்பு. மலேசியத் தமிழ் எழுத்தின் ஆற்றல் மிக்க பகுதி அவ்விழப்பிலிருந்து பிறந்தது, சீ. முத்துசாமி 2006இல் தம் நாவலுக்கு 'மண் புழுக்கள்' எனப் பெயரிட்டது தற்செயலன்று.

சினம் தணிந்தபின் இரு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். சூழலியலில் முதல் மாற்றம் அழிவு, இரண்டாவது சிறு மாற்றம். நம் இலக்கியத்தில் முதலாவது பெருமை, இரண்டாவது அழிவு. பறவையை எண்ணியவர் லயத்தை எண்ணவில்லை. லயத்தை எழுதியவர் பறவையை எண்ணவில்லை. அவர்களிடம் நான் கண்ட குறை என்னிடமும் இருந்தது. அவர்களாவது எவற்றை எண்ணினோம் என்று வரையறுத்துச் சொல்லிவிட்டே எண்ணினர்.

செம்பனையிலும் விலங்கு உண்டு என்பது வேறு செய்தி. எலிகளைக் கட்டுப்படுத்த வெண்ணாந்தைகளுக்குப் பெட்டிக்கூடுகளைக் கம்பங்களில் அமைத்துத் தோட்டங்களே வளர்க்கின்றன. ஆந்தை அலறினால் சாவு வரும் என்று அஞ்சிய குடியிருப்புகள் வெறுமையான பின்னர், அதற்கு நிருவாகம் வீடு கட்டிக் கொடுத்தது. சிறுகதைக்கு ஏற்ற பொருள்; யாரேனும் எழுதியிருந்தால் நான் படிக்க விரும்புகிறேன்.

இச்சிக்கலுக்குத் திணைக்கோட்பாடு விடை தருமா எனச் சிலர் கேட்பர். நிர்மல் செல்வமணி போன்றோர் அதனைச் சூழலியல் திறனாய்வாக வளர்த்தெடுத்தது அரிய பணி. ஆனால் நம் கருத்தரங்குகளில் அது ரப்பர் தோட்டத்தை முல்லையா பாலையா என வகுப்பதோடு நின்றுவிடுகிறது. முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்னும் சிலப்பதிகாரச் செய்தி உடனே மேற்கோளாகிறது. அங்கே திரிபுக்குக் காரணம் வேனில். பெடாஸில் காரணம் பங்குமுதல். இவ்வேறுபாட்டைச் சொல்லாத வகைப்பாட்டால் பயனில்லை. திணையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றே. தொல்காப்பியர் பெயர் சுட்டிய கருப்பொருள்களில் நீர் இல்லை. நாற்கவிராச நம்பி நீரையும் வெளிப்படையாகச் சேர்த்தார். தோட்ட இலக்கியத்தைப் படிக்கும்போது அந்த நீரிலிருந்து தொடங்கலாம்.

ஆறு

லிங்கி ஆற்றுப்படுகை நன்கு ஆராயப்பட்ட ஒன்று. டயாட்டம் எனப்படும் கண்ணுக்குப் புலனாகாத பாசிகளைக் கொண்டு அதன் நீர்த்தூய்மையை அளந்த நாதர் கானின் கட்டுரைகள் 1990, 1991 ஆகிய ஆண்டுகளில் அனைத்துலக நீருயிரியல் இதழ்களில் வெளிவந்தன. நீரை ஒருமுறை மொண்டு சோதித்தால் அன்றைய நிலை தெரியும். கல்லில் படிந்த டயாட்டங்களை எண்ணினால் பல வாரங்களாக அவ்விடத்தில் ஓடியது யாதென்று தெரியும். கழிவு சேர்ந்தால் வகைகள் குறைந்து, தாக்குப்பிடிக்கும் சில மட்டும் பெருகும். எழுத்தறிவில்லாத ஆற்றுக்கு இது ஒருவகை நாட்குறிப்பு.

அந்நாட்குறிப்பில் தோட்டங்களுக்கும் இடமுண்டு. ரப்பர் ஆலை, செம்பனை எண்ணெய் ஆலை ஆகியவற்றின் கழிவுநீர் நாட்டின் ஆறுகளில் கலந்த காலம் அது. சுத்திகரிக்காத செம்பனை ஆலைக் கழிவின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம். 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் 1977இல் செம்பனை எண்ணெய்க்கும் 1978இல் ரப்பருக்கும் தனி விதிகள் வந்தன. எண்ணெய் ஆலைகளுக்கான வரம்பு 1978இல் 5,000 மில்லிகிராமாகத் தொடங்கி 1984இல் 100 ஆகக் குறைக்கப்பட்டது. சட்டத்தால் ஆறு மீளும் என்பதற்கு உலகம் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் இதுவும் ஒன்று.

நம் நாவல்களில் இதே ஆண்டுகளின் ஆறு எவ்வாறிருக்கிறது? காதலர் சந்திக்கின்றனர், பெண்கள் குளிக்கின்றனர், துயருற்றோர் உயிர்விடச் செல்கின்றனர். அ. ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை' போல் ஆற்றுப்பெயரையே தலைப்பாகக் கொண்ட நாவலும் நமக்குண்டு. ஆனால் ஆலைக்குக் கீழே நீர் வெளுத்து நாறியதை முதன்மையாகக் கொண்ட ஒரு நாவலை நான் படித்ததில்லை. நான் வளர்ந்த தோட்டத்தின் ஆலைக்குப் பின்னால் அத்தகைய ஓடை இருந்தது. அந்நாற்றம் இன்றும் என் நினைவில் இருக்கிறது. ஆய்வேட்டில் நான் அதனை எழுதவில்லை. இலக்கிய ஆய்வுக்கு அது உரிய பொருள் என்று எனக்கு யாரும் சொல்லவுமில்லை, நானாகத் தோன்றவுமில்லை.

அண்மையில் முதுகலை மாணவி ஒருவர், பெடாஸ் வட்டாரத்தில் பால்வெட்டிய தம் பாட்டியின் பேச்சைப் பதிவு செய்து கொண்டுவந்தார். அல்லூறு என்று தோட்டத்தார் அழைக்கும் வாய்க்கால்கள் மூன்றைப் பாட்டி தனித்தனியே அறிந்திருக்கிறார்: ஒன்று குடிநீருக்கு, ஒன்று துணிக்கு, ஒன்று கால் வைக்கக் கூடாதது. துணி துவைத்த வாய்க்காலை எப்போது கைவிட்டீர்கள் என்ற வினாவுக்கு, இரண்டாவது மகள் தவழத் தொடங்கிய ஆண்டு என்கிறார். பிறப்புச் சான்றிதழின்படி அது 1972. முதற்சட்டத்திற்கு இரண்டு ஆண்டு முன்பு. இதனைப் பின்னிணைப்பில் சேர்க்கலாமா என்று மாணவி கேட்டார். முதல் இயலின் முதல் பக்கத்தில், அந்தப் பழைய வாக்கியம் வழக்கமாக நிற்கும் இடத்தில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.