கூடத்தின் காவல் கண்
நியூயார்க்கில் 1971-லும் சான் பிரான்சிஸ்கோவில் 1974-லும் அமைப்புகளாகத் திரண்ட பிடிஎஸ்எம் (ஒப்புதலோடு கட்டுதல், அடக்கியாளுதல் போன்ற ஆட்டங்கள்) சமூகத்தில் நான் பெரிதும் மதிப்பது, அந்த ஆட்டங்கள் நடக்கும் கூடத்துக் கண்காணிப்பாளரின் பணி. மது தொடாமல், கயிறு வெட்டும் மழுங்குமுனைக் கத்தரியோடு நிற்பவர் அவர். வயதுவந்த இருவர் மனமொப்பிச் செய்வதில் மூன்றாமவருக்கு என்ன வேலை? நியாயமான கேள்விதான். ஆனால் மேற்கையில் இறுகும் கயிறு ஆர நரம்பை அழுத்தினால் மணிக்கட்டு தொய்ந்துபோகலாம். பரவசத்தில் இருப்பவருக்குக் கை மரத்துப்போவதே தெரியாமல் போகலாம். கட்டியவரும் அதில் மூழ்கியிருக்கலாம். 'ரெட்' என்ற நிறுத்தச் சொல் வாயில் வராத அந்த நேரத்துக்காகவே கண்காணிப்பாளர், கட்டுண்டவரின் விரல்களின் நிறத்தையும் மூச்சையும் கவனிக்கிறார். அவசரப்பட்டால் அவர்களின் லயம் கலையும். தயங்கினால் நரம்பு தேற மாதக்கணக்கில் ஆகலாம். அதனால் நல்ல கண்காணிப்பாளர் முதலில் அருகில் வந்து நிற்பார், கட்டியவரின் கண்ணைப் பார்ப்பார், பிறகே பேசுவார். பெரும்பாலும் சம்பளமில்லாத தன்னார்வ வேலை இது.