பூனை சிரிக்குமா?

அனுமந்தையில் எங்கள் வீட்டுக்கு ஒரு பூனை வந்து போகும். 'வளர்க்கிறோம்' என்று சொல்ல முடியாது, அது ஒத்துக்கொள்ளாது. போன வாரம் அதன்மேல் ஒரு வெண்பா பாடலாம் என்று உட்கார்ந்தேன். தளை தட்டோ தட்டென்று தட்டியது. கடைசியில் தேறியது இவ்வளவுதான்:

மத்தி வாங்கி வந்தேன் நான்,
மடியில் வந்து அமர்ந்தாய் நீ;
மத்தி தீர்ந்து போச்சுதே,
மாடி ஏறிப் போனாய் நீ!

வீட்டில் சிரித்தார்கள். எனக்குத்தான் ஒட்டவில்லை. இதில் பூனை எங்கே இருக்கிறது? என் புலம்பல்தான் இருக்கிறது. சரி, பெரியவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் பார்ப்போம் என்று புத்தகங்களைப் புரட்டினேன்.

பாரதியின் 'முரசு' பாட்டில் ஒரு வெள்ளைப் பூனை நாலு நிறத்தில் குட்டி போடுகிறது. நிறம் வேறானாலும் எல்லாம் ஒரே தரம் என்கிறார். (மரபியல்படி இது நடக்கக்கூடியதுதான். ஒரே ஈற்றில் குட்டிகளுக்கு வேறு வேறு தகப்பன் இருப்பதும் உண்டு.) கருத்து பொன். ஆனால் அந்தக் குட்டிகள் ஒரு தடவைகூட வாலைத் துரத்தவில்லை. கொள்கை விளக்கியதும் போய்விடுகின்றன. மாமல்லபுரத்துப் பாறையில் கையைத் தூக்கித் தவம் செய்கிற பூனைக்கும் இதே கதிதான். நாம் அதைப் போலிச்சாமியார் ஆக்கிவிட்டோம்.

கம்பன் பரவாயில்லை. அவையடக்கத்தில் தன்னைப் பாற்கடலையே நக்கிக் குடிக்கக் கிளம்பிய பூனை என்கிறான். உவமை தன்னைப் பற்றியதுதான் என்றாலும், 'நக்கி' என்ற இடத்தில் அசல் பூனை வந்துவிடுகிறது. பூனை மடக்மடக்கென்று குடிக்காது, நாக்கு நுனியால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். அந்த வேகத்தில் ஒரு கடல்!

வேடிக்கைப் பாட்டு என்றால் எனக்கு முதலில் நிற்பது குறுந்தொகை 107. மதுரைக் கண்ணனார் பாடியது. கணவனோடு தூங்குகிறவளைச் சேவல் கூவி எழுப்பிவிடுகிறது. அவள் விடுகிற சாபத்தைப் பாருங்கள்: நடுராத்திரியில் வீட்டெலிக்குக் காத்திருக்கும் வெருகுக்குட்டிக்கு நீ இரையாகணும், அதுவும் ஒரே வாயில் இல்லை, வைத்து வைத்துத் தின்னும்படி! வெருகு என்றால் காட்டுப்பூனை. எலியட்டின் பூனைப் பாட்டுப் புத்தகம் 1939-ல் வந்தது. இந்தக் கோபத்துக்கு வயது சுமார் இரண்டாயிரம்.

ஆனால் என்னைத் திணறடித்தது ஒக்கூர் மாசாத்தியார். குறுந்தொகை 220-ல் முல்லை மொட்டு, வெருகு சிரித்தது போல இருக்கிறது என்கிறார். ரொம்ப நாளாக இதை வலிந்து கட்டிய உவமை என்றே நினைத்திருந்தேன். பூனை எங்கேயாவது சிரிக்குமா? கபிலரும் புறநானூறு 117-ல் முல்லை மொட்டை வெருகுக்குட்டியின் பல்லுக்கு ஒப்பிடுகிறார். அது புரிகிறது: சின்னது, வெள்ளை, கூர். கபிலர் வடிவத்தோடு நின்றார். இந்த அம்மாள் எதற்குச் சிரிப்பு வரை போனார்?

போன ஞாயிறு சாயங்காலம் விடை கிடைத்தது. நம்ம பூனை மதில்மேல் இருந்தது. எட்டாத கிளையில் ஒரு சிட்டுக்குருவி. பூனை உதட்டைப் பின்னுக்கு இழுத்து, பல்லைக் காட்டி, தாடையைக் கிடுகிடுவென்று ஆட்டியது. சத்தமே இல்லை. அசப்பில் சிரிப்புதான்! ஆனால் அது பசி.

இப்போது பாட்டைத் திரும்பப் படியுங்கள். பேசுகிறவள் காத்திருக்கிறவள். மழைக்காலம் வந்துவிட்டது, வருகிறேன் என்றவன் வரவில்லை. முல்லை பூப்பது அந்தியில், வெருகு இரை தேடக் கிளம்புவதும் அந்தியில். அவளுக்கு அந்தப் பூ அழகாகத் தெரியவில்லை. பல்லைக் காட்டுகிறது. இதே புலவர் 139-ஆம் பாட்டில், மாலையில் வேலியோரம் வெருகுகள் வந்ததும் குஞ்சுகளைக் கூவி அழைக்கிற கோழியைக் காட்டுகிறார். அங்கே கோழியின் கதறல், இங்கே முல்லையின் சிரிப்பு. இரண்டும் ஒரே மாலை வேளை. வெருகைத் தள்ளி நின்று ரசித்தவர் இல்லை இவர், அதற்குப் பயப்படும் வீட்டில் இருந்தவர் என்று எனக்குத் தோன்றுகிறது.

என் நாலு வரியை அழித்துவிட்டேன். மதில்மேல் நடந்ததை எழுதப் பார்த்தேன், இரண்டு சீர் வந்திருக்கிறது. மூன்றாவதில் மறுபடி மத்தி நுழைகிறது.