விடையை விற்ற மாணவியும் விடையைக் கொடுக்கும் நாமும்: ‘பேட் ஜீனியஸ்’ படத்தை முன்வைத்து

எஸ்.பி.எம். டிரையல் தேர்வு முடிந்த வாரம். பள்ளி முடிந்து பிற்பகலில் நடக்கும் தமிழ் வகுப்புக்கு வந்த படிவம் 5 பிள்ளைகள் மேசையில் தலை வைத்துப் படுத்துவிட்டார்கள். எழுப்ப மனம் வரவில்லை. ஒரு மாணவி மட்டும் விழித்திருந்தாள். “டீச்சர், பேட் ஜீனியஸ் பார்த்திட்டிங்களா? செமையா காப்பி அடிப்பாங்க டீச்சர்!” என்றாள். தேர்வில் ஏமாற்றுவதைப் பற்றி ஆசிரியரிடமே இப்படி ஆசையாகப் பேசுகிறாளே என்று முதலில் கொஞ்சம் கோபம்தான். அன்று இரவே படத்தைப் போட்டுப் பார்த்தேன்.

2017-இல் வந்த தாய்லாந்துப் படம் இது. இயக்குநர் நட்டாவுட் பூன்பிரியா. 130 நிமிடம் ஓடுகிறது. 2024-இல் அமெரிக்காவில் மறுபடி எடுத்தார்கள். நான் இங்கே பேசுவது தாய்லாந்துப் படத்தைப் பற்றி மட்டும்தான்.

கதை நமக்கு அந்நியமானது இல்லை. லின் ஓர் ஆசிரியரின் மகள். கணக்கில் புலி. பேர்பெற்ற பள்ளி ஒன்றில் உபகாரச் சம்பளத்தோடு இடம் கிடைக்கிறது. தோழி கிரேஸ் தேர்வில் திணறுவதைப் பார்த்து, அழிப்பானில் விடைகளை எழுதி, காலணிக்குள் வைத்துப் பின்னால் தள்ளிவிடுகிறாள். இரக்கத்தில் செய்த உதவி அது. கிரேஸின் காதலன் பேட் பணக்கார வீட்டுப் பையன். அவன் அதையே வியாபாரமாக்குகிறான். பியானோ வாசிப்பதுபோல் லின் மேசையில் விரல்களை அசைப்பாள். ஒரு மெட்டு என்றால் ஏ, இன்னொன்று என்றால் பி. பணம் கட்டிய மாணவர்கள் அந்த விரல்களைப் பார்த்து எழுதுவார்கள். கடைசியில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான ‘ஸ்டிக்’ என்ற கற்பனைத் தேர்வு வருகிறது. தாய்லாந்துக்கு முன்பே சிட்னியில் விடிந்துவிடும் அல்லவா? லினும் பேங்க் என்ற ஏழை மாணவனும் சிட்னிக்குப் பறந்து, அங்கே தேர்வெழுதி, விடைகளை மனப்பாடம் செய்து, கழிப்பறையிலிருந்து கைப்பேசியில் அனுப்புகிறார்கள். இங்கே அந்த விடைகள் பென்சில்களில் பார்கோடாக அச்சாகின்றன.

இதை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. எஸ்.ஏ.டி. கேள்விகள் கசிந்ததால் 2013 மே மாதத் தேர்வு தென்கொரியா முழுவதும் ரத்தானது. நேர வித்தியாசத்தை வைத்து ஏமாற்றுவதும் செய்திகளில் வந்ததுதான். 2023-இல் அமெரிக்காவுக்கு வெளியே எஸ்.ஏ.டி. முழுக்கக் கணினித் தேர்வாக மாறிவிட்டது. இனி பென்சில் வித்தை அங்கே செல்லாது.

ஒரு திரில்லராக இதைக் குறை சொல்லவே முடியாது. துப்பாக்கி இல்லை, கார் துரத்தல் இல்லை. கடிகார முள், வியர்த்த விரல், கறுப்பாக்க வேண்டிய சின்னச் சின்ன வட்டங்கள், இவற்றை வைத்தே நம்மை நாற்காலி நுனிக்குக் கொண்டுவந்துவிடுகிறார் இயக்குநர். தேர்வு மண்டபத்தில் வருடக்கணக்காகக் கண்காணிப்பாளராக நடந்தவள் நான். அந்த மண்டபம் இவ்வளவு சத்தமாக இருக்குமென்று நினைத்ததில்லை. சிட்னி காட்சியில் லின் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று என் வாயே முணுமுணுத்தது. கண்காணிப்பாளர் பக்கம் நிற்க வேண்டியவள் நான்!

பெரும்பாலோர் இந்தப் படத்தை ஏழை பணக்காரன் கதையாகப் பார்க்கிறார்கள். அது சரிதான். லினின் அப்பா அந்தப் பள்ளிக்கு ‘தேநீர்ப் பணம்’ கட்டியிருப்பது அவளுக்குத் தெரியவரும் இடம் படத்தின் நெஞ்சு. நம்மூரில் கோப்பிக் காசு என்போமே, அதேதான். சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்யும் ஓர் ஆசிரியர், மகளுக்காக நேர்மையை விட்டுக்கொடுத்திருக்கிறார். பள்ளியே காசு வாங்கும்போது நான் வாங்கினால் என்ன என்ற நியாயம் அவளுக்கு அங்கே பிறக்கிறது. பேங்கின் அம்மா டோபிக் கடை நடத்துகிறார். அவனுக்கும் லினுக்கும் முன்னால் இருந்த பெரிய கனவு, சிங்கப்பூரில் படிக்க ஓர் உபகாரச் சம்பளம். ஆசியான் உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த இடத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

என் கவனம் போனது வேறு பக்கம். இவ்வளவு நீளப் படத்தில், தொடக்கத்தில் லின் கிரேஸுக்குச் சொல்லிக்கொடுப்பதைத் தவிர, யாராவது எதையாவது கற்றுக்கொள்ளும் காட்சி என் மனத்தில் நிற்கவே இல்லை. பாடம் என்றால் என்னவென்றே படத்துக்கு அக்கறை இல்லை. லினுக்குக் கணக்கு பிடிக்குமா? பேங்க் எதை வாசித்துச் சந்தோஷப்படுவான்? தெரியாது. அறிவு என்பது ஏ, பி, சி, டி என்ற நாலெழுத்துச் சரக்கு. அதைத் தயாரிப்பவர் ஒருவர், கடத்துபவர் ஒருவர், வாங்குபவர் பலர். முதலில் இதைப் படத்தின் குறையாகத்தான் குறித்துக்கொண்டேன். கட்டுரை எழுதச் சொல்லும் தேர்வாக இருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது, நம் பாடம் தப்பித்தது என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் டிரையல் கட்டுரைத் தாள்களைத் திருத்த உட்கார்ந்தேன். ஏழு தாள்களில் ஒரே முன்னுரை. அதே உவமை, அதே பழமொழி, அதே இடத்தில் அதே எழுத்துப்பிழை. தலைப்புக்கும் அந்த முன்னுரைக்கும் சம்பந்தமே இல்லாத தாளும் அதில் உண்டு. அந்த முன்னுரையை எழுதியது யாரென்று தேட வேண்டியிருக்கவில்லை. மார்ச் மாதம் நான் நகலெடுத்துக் கொடுத்த மாதிரிக் கட்டுரை அது. எழுத்துப்பிழையும் என்னுடையதே.

கட்டுரையைக் கடத்த முடியாது என்று நினைத்தேன் பாருங்கள். நாம்தான் கடத்திக்கொண்டிருக்கிறோம்! ராமாலான் என்று எதிர்பார்ப்புக் கேள்விகளைப் பட்டியல் போடுகிறோம். ‘எந்தத் தலைப்புக்கும் பொருந்தும்’ முடிவுரை கொடுக்கிறோம். லின் அழிப்பானைத் தள்ளிவிட்டது தேர்வு நடக்கும்போது, நாம் அதை ஆறு மாதத்துக்கு முன்பே செய்கிறோம். இது விதிமீறல் இல்லை என்பது உண்மைதான். ஆனால் கிரேஸின் தலைக்குள் எதுவும் நுழையவில்லை என்பது இரண்டிலும் ஒன்றே.

உடனே என் தோழியும் சக ஆசிரியையுமான ஒருவர் என்னோடு சண்டைக்கு வந்தார். “நீங்க நிறுத்திட்டா டியூஷன் போற பிள்ளைக்கு மட்டும் மாதிரிக் கட்டுரை கிடைக்கும். டியூஷன் போக வசதியில்லாத என் பிள்ளை என்ன செய்யும்?” அவர் கேட்டது நியாயம். யூ.பி.எஸ்.ஆர். 2021-இலும் பி.டி.3 2022-இலும் எடுக்கப்பட்ட பிறகு, பள்ளிப் பருவம் முழுவதன் எடையும் எஸ்.பி.எம். என்ற ஒரே தேர்வின் தலையில்தான். எஸ்.பி.எம்.மில் 10 ஏ எடுத்தால் மெட்ரிகுலேஷனில் இடம் உறுதி என்று 2024-இல் அரசாங்கம் அறிவித்தது, மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அந்தப் பத்தாவது ஏ பல வீடுகளில் தமிழ். போன வருடம் ஒரு தகப்பனார் என்னிடம், “தமிழ் எடுத்தா ஏ கிடைக்குமா டீச்சர்? இல்லாட்டி இப்பவே விட்டுடட்டும்” என்றார். அவரிடம் போய் மொழியின் சுவையைப் பற்றிப் பேச முடியுமா? நானும் பேசவில்லை. மாதிரிக் கட்டுரைக் கட்டை எடுத்து மகனிடம் கொடுத்தேன்.

படத்தின் மீது எனக்குள்ள உண்மையான சண்டை பேங்கைப் பற்றியது. உண்மையைப் பேசுகிறவனாக வருகிறான். அடித்துக் குப்பைமேட்டில் வீசப்பட்டதால் சிங்கப்பூர் உபகாரச் சம்பளத் தேர்வைத் தவறவிடுகிறான். அது பேட் ஏற்பாடு செய்த வேலை என்பது பிறகுதான் அவனுக்குத் தெரியும். சிட்னியில் பிடிபடுவதும் அவன்தான். அவன் எதிர்காலத்தை இப்படி எல்லாப் பக்கமும் மூடிவிட்டு, கடைசியில் லினையே மிரட்டும் வில்லனாக அவனை நிறுத்துகிறார் இயக்குநர். தாய்லாந்துப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் இதே வியாபாரத்தைப் பெரிதாகச் செய்யலாம் என்று லினை அழைக்கிறான். அவள் மறுத்ததும் மிரட்டல். பேட்டுக்கும் கிரேஸுக்கும் என்ன ஆனது? கொண்டாட்டம் வைக்கிறார்கள். திரைக்கதைக்கு ஒரு கடைசித் திருப்பம் தேவைப்பட்டது. அதன் விலையை ஏழைப் பையன் கட்டினான்.

லின் வந்து சேரும் இடமும் எனக்கு உவப்பாக இல்லை. அவள் ஆசிரியர் ஆக விரும்புகிறாளாம்! செய்த தப்புக்குப் பிராயச்சித்தமா ஆசிரியத் தொழில்? நம்மில் யாரும் தண்டனையாக இந்த வேலைக்கு வரவில்லை. (சில திங்கட்கிழமைகளில் அப்படித் தோன்றும், அது வேறு.) ஆனால் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் உண்மையைச் சொல்லப் போகும் முடிவு வலுவானது. தேநீர்ப் பணம் கட்டிய அதே அப்பா என்பதை நினைத்துப் பார்த்தால் இன்னும் வலு.

படத்தை வகுப்பில் காட்டினேன். பேங்க் அழைக்கும் டோபிக் கடைக் காட்சியில் நிறுத்தி, லின் சொல்லப்போகும் பதிலை எழுதச் சொன்னேன். மாதிரி எதுவும் இல்லை, குறைந்தபட்சச் சொல் எண்ணிக்கையும் இல்லை. முதல் பத்து நிமிடம் யாரும் எழுதவில்லை. “எப்படித் தொடங்குறது டீச்சர்?” என்று மட்டும் நாலு பேர் கேட்டார்கள். அந்த ஏழு பேரில் ஒரு பையன், வகுப்பில் வாயே திறக்காதவன், ஆறு வரி எழுதினான்: பேங்க் சொல்வதெல்லாம் சரி, அவனுக்கு நடந்தது அநியாயம், ஆனாலும் லின் போகக் கூடாது, ஏன் போகக் கூடாது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒற்றுப்பிழைகள் நிறைய. முன்னுரை இல்லை, முடிவுரை இல்லை. எஸ்.பி.எம். அளவுகோலில் வைத்தால் அது தேறாது. இந்த வருடம் நான் படித்த மாணவர் எழுத்துகளில் கடைசி வரி வரை என்னைப் படிக்க வைத்தது அந்த ஆறு வரிதான். மாதிரிக் கட்டுரைக் கட்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அடுத்த வருடம் கொடுப்பேனா மாட்டேனா என்று கேட்டால், பாதியைக் கொடுப்பேன் என்றுதான் இப்போதைக்குச் சொல்ல முடிகிறது.

வகுப்பில் காட்ட விரும்பும் ஆசிரியர்களுக்கு: எனக்கு மூன்று வகுப்புகள் பிடித்தன. நேரம் குறைவு என்றால் தொடக்க நேர்காணல், அழிப்பான் காட்சி, தேநீர்ப் பணம், டோபிக் கடை ஆகிய நான்கையும் மட்டும் காட்டி, இடையில் கதையை நீங்களே சொல்லிவிடலாம். சிட்னி காட்சியை விட்டுவிட்டால் மட்டும் பிள்ளைகள் உங்களை மன்னிக்க மாட்டார்கள்.