சுவாமி வெள்ளியும் செய்தவர் பெயரும்

லண்டன் ஏலப் பட்டியல்களில் ‘சுவாமி’ என்பது ஒரு கலைச்சொல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதராசில் வெள்ளைக்காரர் மேசைக்கென்று செய்த வெள்ளிப் பாத்திரங்களை அப்படிச் சொல்கிறார்கள்: டீ பாட், பால் குவளை, சர்க்கரைக் கிண்ணம். வடிவம் இங்கிலாந்தினுடையது, மேலே சுற்றிலும் நம் தெய்வங்கள். வேல்ஸ் இளவரசரின் 1875–76 வருகையையொட்டி இதற்கு மவுசு கூடியது. இன்று நம்மவர்களும் வாங்குகிறார்கள். வாங்குவோர் முதலில் பாத்திரத்தைக் கவிழ்த்து அடியில் உள்ள முத்திரையைத்தான் தேடுகிறார்கள். மவுண்ட் ரோட்டு பி.ஓர் அண்ட் சன்ஸின் முத்திரை இருந்தால் விலை ஏறிவிடும்.

இந்தப் பழக்கத்துக்குக் காரணம் உண்டு. இங்கிலாந்து வெள்ளியில் சிங்க முத்திரை தரத்தைச் சொல்லும், ஓர் எழுத்து ஆண்டைச் சொல்லும். காலனிய இந்தியாவில் அப்படியொரு தரச்சோதனை ஏற்பாடு இல்லை. கடையின் முத்திரை ஒன்றுதான் பிடிமானம். ஆனால் பட்டியல் எழுதுவோர் அதை ‘செய்தவர்’ என்ற தலைப்பின் கீழ் போடுகிறார்கள். பீட்டர் ஓர் கடிகாரக்காரர். தகட்டைத் தட்டி உருவம் எழுப்பியவர் அவரல்லர். தமிழில் அந்த வேலைக்காரருக்குப் பெயரே தட்டார் என்பதுதான்.

வின்யார்ட் வில்கின்சன் 1987இல் வெளியிட்ட நூலின் பெயரைத் தமிழில் சொன்னால் ‘இந்தியக் காலனிய வெள்ளியைச் செய்தவர்கள்’. உள்ளே இருப்பது 1760 முதல் 1860 வரையிலான ஐரோப்பியப் பொற்கொல்லர், நகை வணிகர், கடிகாரக்காரர் பதிவேடு. உபதலைப்பில் அவரே அதை ஒளிக்காமல் சொல்கிறார். அந்த மட்டில் நேர்மையான புத்தகம். 2008இல் வித்யா தெஹேஜியா நியூயார்க்கில் நடந்த கண்காட்சியையொட்டி எழுதிய நூல் கடைகளைவிட ஊர்களுக்கு முக்கியத்துவம் தருகிறது: கட்ச், லக்னோ, காஷ்மீர், மதராஸ். எனக்கு இது பெரிய ஆறுதல். ஆனாலும் ‘மதராஸ் பாணி’ என்று சொன்னதும் ஊரே ஒரு கைவினைஞர் ஆகிவிடுகிறது. ஒரு தட்டாருக்கும் இன்னொருவருக்கும் உள்ள வேறுபாடு கண்ணில் படுவதில்லை.

அது படவேண்டும் என்பதே என் வாதம். ஏலத்துக்கு முந்தைய பார்வை நாளொன்றில் முத்திரையில்லாத ஒரு டீ பாட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வளைவு மாடங்களில் வரிசையாகப் பிள்ளையார், குழலூதும் கண்ணன், முருகன். கைப்பிடி பொருத்திய இடத்தில் முருகனின் மயிலுக்கு இடம் போதவில்லை. செய்தவர் தோகையை மடக்கி, பொருத்தின் அடியால் சுற்றி, மறுபக்கம் விரித்திருந்தார். ஆங்கில வடிவம் குறுக்கே வந்த இடத்தில் எடுத்த முடிவு அது. மாதிரிப் படம் கொடுத்த முதலாளி அதைச் சொல்லியிருக்க முடியாது. தகடு கையில் இருந்தவருக்கே அது தோன்றும். பக்கத்திலிருந்த முத்திரை பதித்த பாத்திரத்தில் எல்லாத் தெய்வமும் ஒரே உயரம், ஒரே அசட்டு முகம். மதிப்பு விலையோ பல மடங்கு.

முகங்களைப் பற்றி இன்னொன்று. கோயில் உற்சவர் முகம் அபிஷேகத்தில் தேயும். இந்தப் பாத்திரங்களில் மூக்கும் கண்ணும் தேய்ந்தது பங்களாச் சமையலறைகளில், பளபளப்பு வேண்டித் துணியால் தேய்த்தவர்களின் கையில். மிச்சத்தை இன்றைய வியாபாரிகள் இரசாயனத் திரவத்தில் முக்கி எடுத்துக் கெடுக்கிறார்கள். பள்ளங்களில் தங்கும் கருமைதான் புடைப்புக்கு ஆழம் கொடுக்கிறது. அது போனால் பிள்ளையார் தகரப் பொம்மை. வாங்கினால் தயவுசெய்து அந்தக் கறுப்பைக் கழுவாதீர்கள்.

மயில் இருந்த பாத்திரத்தின் பட்டியல் குறிப்பில் ‘செய்தவர்: தெரியவில்லை’ என்றிருந்தது. சரியான குறிப்பு. ஓர் முத்திரை உள்ள பாத்திரத்துக்கும் அதையே போட்டு, கீழே ‘விற்ற கடை’ என்று இன்னொரு வரி சேர்த்திருக்கலாம்.